பட்டறை கேள்வி – பதில்: கான்டெஸாவைத் தின்னும் துரு

பழைய கார்களின் பாடித் துரு பற்றி வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: 1992 மாடல் கான்டெஸா கிளாசிக் வாங்கியிருக்கிறேன். அமெரிக்க மசில் கார் மாதிரி நீண்ட மூக்கு என்பதற்காகவே ஆசைப்பட்டு வாங்கினேன். எட்டு வருஷம் வேப்பமரத்தடியில் நின்ற வண்டி. டிரைவர் காலடியில் தரை ஓட்டை. கதவுக்குக் கீழே சில் பகுதியைத் தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. 'மேலே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) போட்டு மூடிவிடலாம்' என்கிறார் டிங்கர். சரிதானா? – *திருமங்கலம் வாசகர்*

பதில்: சரியில்லை. அப்படிச் செய்ய விடாதீர்கள். கான்டெஸா, இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டர் காரின் வடிவத்தை எடுத்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. லாரிக்கு இருப்பதுபோல் இதற்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத்தகடும் சில்லும் சேர்ந்துதான் வண்டியின் முதுகெலும்பு. துருவின் மேல் தகடு ஒட்டினால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் நூல் இடைவெளி நிற்கும். அந்த இடுக்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது. மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே அரிப்பு முன்பைவிட வேகமாக நடக்கும்.

வெல்டிங்குக்கு முன், தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடியுங்கள். மரத்தடியில் நின்ற வண்டி என்பதால் முதல் சந்தேகம் வைப்பருக்கு அடியிலுள்ள காற்றுப் பள்ளத்தின்மேல். வேப்பிலையும் பூவும் மக்கி வடிகாலை அடைத்திருக்கும். தரைவிரிப்பை எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, எங்கே கசிகிறது என்று உள்ளேயிருந்து பாருங்கள். முன் கண்ணாடி ரப்பர், கதவின் அடி விளிம்பிலுள்ள வடிகால் துளைகள், டிக்கி ரப்பர் ஆகியவற்றையும் இப்படியே சோதியுங்கள். இதைச் செய்யாமல் புதுத்தகடு போட்டால் அதற்கும் அதே கதிதான்.

அடுத்து சீட், விரிப்பு, தரையில் ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சு எல்லாம் வெளியே வரட்டும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளையும் எடுத்துவிடுங்கள். தார் சட்டெனத் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஓர் ஆள் தண்ணீர் வாளியோடும் ஈரச் சாக்கோடும் நிற்க வேண்டும்.

ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்து, உறுதியான தகடு வரும் இடத்துக்கு இன்னும் ஓர் அங்குலம் தள்ளி சாக்பீஸால் கோடு போடுங்கள். வெட்டவேண்டிய இடம் அதுதான். ஆனால் சில்லை வெட்டும் முன் இரண்டு வேலை பாக்கி. கதவு வாசலின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சுவரிலேயே எழுதிவையுங்கள். பிறகு அந்த வாசலுக்குள் 25 மி.மீ. சதுரக் குழாயைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவையுங்கள். வண்டியின் எடை ஆக்சில்மேல் இருக்கட்டும். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கிக்கொண்டு வெட்டினால் பாடி வளையும், அப்புறம் கதவு பூட்டில் உட்காரவே உட்காராது. ஒரு பக்கச் சில்லை முழுதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொடுங்கள்.

தரைக்கும் சில்லுக்கும் 18 கேஜ் சி.ஆர். (கோல்ட் ரோல்டு) தகடு (சுமார் 1.2 மி.மீ.), வெளித்தோலுக்கு 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ.). ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசியது) வேண்டாம், பற்றவைக்கும்போது எழும் துத்தநாகப் புகை குளிர்காய்ச்சலே கொண்டுவரும். சில்லின் மடிப்புகளை அட்டையில் வெட்டி மாதிரி எடுத்துக்கொண்டு, பெண்டிங் மெஷின் உள்ள ஷீட் மெட்டல் பட்டறையில் கொடுங்கள். சுத்தியலால் அடித்து மடித்த தகட்டில் அந்த நேர்க்கோடு கிடைப்பதில்லை.

பற்றவைக்க சி.ஓ.டூ வெல்டிங் (கார்பன் டை ஆக்சைடு வாயு பாய்ச்சி, கம்பியை உருக்கிப் பற்றவைப்பது), 0.8 மி.மீ. கம்பி. கேஸ் வெல்டிங்கில் சூடு பரவி வெளித்தகடு அலையடிக்கும். விளிம்போடு விளிம்பு சேர்க்கும் இடங்களில் கம்பி பருமன் அளவே இடைவெளி விட்டு, அங்குலத்துக்கு ஒரு பொட்டு வையுங்கள். ஒரு பொட்டு இந்த முனையில், அடுத்தது எதிர்முனையில். கைவைக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு இடையில் அடுத்த சுற்று. பொறுமையில்லாமல் ஒரே இழுப்பாக இழுத்த வெல்டிங்தான் பின்னால் கிலோ கணக்கில் பட்டி கேட்கும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் இருந்த விளிம்புகளில் மேல்தகட்டில் 8 மி.மீ. துளை போட்டு, அதன் வழியே வெல்டிங்கால் நிரப்புங்கள். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பில் முன்கூட்டியே ஜிங்க் வெல்டிங் பிரைமர் (துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு) அடித்திருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து பெயிண்டும் காய்ந்த பின், சில்லின் உட்குழிக்குள் நீண்ட குழாய் வைத்துக் கேவிட்டி வேக்ஸ் (துரு தடுக்கும் மெழுகு) அடியுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: துரு கன்வர்ட்டர் (துருவை மாற்றும் ரசாயனம்) தடவி, மறுநாளே எபாக்ஸி பிரைமர் அடித்தேன். மூன்று மாதத்தில் தோல் தோலாக உரிகிறது. மட்டமான பிரைமரா? – *மேலூர் வாசகர்*

பதில்: பிரைமரைக் குற்றம் சொல்ல முடியாது. கன்வர்ட்டர்கள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. அதன் மிச்சம் தகட்டில் இருந்தால் எபாக்ஸி சரியாக இறுகாது, பிடிக்காது. இன்னொன்று, கன்வர்ட்டர் மேல்துருவை மட்டுமே மாற்றும். அடுக்காக ஏறிய துருவின் அடிவரை அது இறங்குவதில்லை. 80 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால் துணியில் அழுக்கு வருவது நிற்கும்வரை துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி இரண்டு கோட் அடியுங்கள். தேய்த்த இரும்பை ஓர் இரவு திறந்து போட்டால் கண்ணுக்குத் தெரியாத துரு பிடித்துவிடும். வியர்வைக் கையும் படக்கூடாது.

இராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஓடிய வண்டியென்றால் துருக்குழிகளில் கடல் உப்பு இருக்கும். தேய்த்த பின் நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவி, ஹேர் டிரையரால் உடனே காயவைத்து, மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள். போர்வெல் உப்புத்தண்ணீரில் கழுவினால் எடுத்த உப்பை நீங்களே திரும்ப வைக்கிறீர்கள்.

கேள்வி: பெயிண்ட் அடித்த சில வாரத்தில் பட்டி போட்ட ஓரம் கோடாகத் தெரிகிறது, அங்கங்கே கொப்புளம். – *அவனியாபுரம் வாசகர்*

பதில்: பட்டி ஈரம் குடிக்கும். வெறும் இரும்பின்மேல் பட்டி போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அந்த ஈரம் நேரே இரும்புக்குப் போகும். முதலில் எபாக்ஸி, அதன்மேல் பட்டி, பட்டியை உலர்வாகவே தேய்ப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். கனம் 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பட்டியை இறுகவைக்கும் ஹார்டனர் 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். அதிகமானால் நிறக்கறை மேல் பெயிண்ட் வரை ஏறும், குறைந்தால் அடியில் இறுகாமல் நின்று மெல்லச் சுருங்கும். ஓரக்கோடு அதனால் வருவது. சித்திரை வெயிலில் வேகமாக இறுகும் என்பதால் ஒரு கையளவு மட்டும் கலந்து, உடனே இழுங்கள்.

கேள்வி: கதவு கீல், பிராக்கெட் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு? – *உசிலம்பட்டி வாசகர்*

பதில்: பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட். கிரீஸ் போகக் கழுவிவிட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் பிரஷ் போட்டால் துரு குழம்பாக வந்துவிடும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி உடனே காயவைத்துப் பிரைமர் அடியுங்கள். ஸ்பிரிங், சஸ்பென்ஷன் போல்ட்டுகளை மட்டும் போடாதீர்கள். அமிலத்தில் ஊறிய உறுதியான எஃகு ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை அடையும்.

கேள்வி: முழு பாடியையும் சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக வீசித் துரு எடுப்பது) கொடுக்கலாமா? – *ஒத்தக்கடை வாசகர்*

பதில்: வீல், சஸ்பென்ஷன், அடித்தளத்துக்குக் கொடுங்கள். பானட், கூரை, கதவுத்தோல் நெளிந்துவிடும். ஒருமுறை நெளிந்த கூரையை மீட்பது கடினம்.

கேள்வி: புதுப்பித்த கான்டெஸாவை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா? – *வாடிப்பட்டி வாசகர்*

பதில்: 2021-ல் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். கான்டெஸா 1980-களில் வந்த வண்டி என்பதால் இப்போது வழியில்லை, வழக்கமான மறுபதிவுதான். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்றுங்கள். சேசிஸ் நம்பர் பதித்த தகட்டில் துரு இருந்தாலும் அதை வெட்டவோ, கிரைண்டர் வைக்கவோ கூடாது. நம்பரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மேலே டேப் ஒட்டிவிட்டு, சுற்றியுள்ள தகட்டில் மட்டும் வேலை செய்யச் சொல்லுங்கள்.