ரோமானிய மருத்துவம் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

வணக்கம் அம்மா.

நீட்டுக்குத் தயாராக வேண்டிய நேரத்தில் மகள் பழைய ரோமானிய மருத்துவத்தில் மூழ்கிக் கிடக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவளைத் திட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அவளை இழுப்பது மருத்துவர் கேலனா, ரோமின் தண்ணீர் அதிகாரி பிரான்டினஸா?

கேலன், இன்றைய துருக்கியில் இருந்த பெர்காமத்தில், அரங்கில் சண்டையிடும் கிளாடியேட்டர் வீரர்களின் காயங்களுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ரோமுக்குப் போய் அரசவை வரை உயர்ந்தவர். மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லாததால் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து எழுதினார். அவருடைய பிழைகளை 1543-இல் உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் புத்தகமாகப் போட்டு உடைக்கும்வரை ஐரோப்பா அவரைத்தான் பெரும்பாலும் நம்பியது. இந்தக் கதைதான் பிடிக்கிறது என்றால் அவளுக்கு உடலமைப்பில், சிகிச்சையில் ஆர்வம். நீட்டை விடாமல் எழுதட்டும்.

பிரான்டினஸ் டாக்டரே இல்லை. பிரிட்டனில் ஆளுநராக இருந்தவர். கி.பி. 97-இல் ரோமின் குடிநீர்ப் பொறுப்பு அவரிடம் வந்தது. எந்தக் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது, எங்கே திருட்டு இணைப்பு என்று கணக்கெடுத்தார். கலங்கலாக வந்த தண்ணீரைத் தோட்டத்துக்கு ஒதுக்கி, தெளிந்ததைக் குடிக்க விட்டார். (நம் ஊர்க் குடிநீர் வாரியத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே புரியும்.)

எனக்கு இதைவிடச் சுவாரசியமான பகுதி அடுத்தது. இத்தனை கால்வாய், பொதுக் கழிப்பிடம், குளியல் கூடம் இருந்தும் ரோமானியர் வயிற்றில் புழுத் தொல்லை குறைந்ததாகத் தெரியவில்லை. அகழ்வாய்வில் கிடைத்த பழைய கழிவுகளில் சாட்டைப்புழு, உருளைப்புழு முட்டைகள் கிடைத்திருக்கின்றன. வயலுக்கு மனிதக் கழிவை உரமாகப் போட்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். கி.பி. 165 வாக்கில் படைகளோடு வந்த கொள்ளைநோயையும் அந்த வசதிகள் தடுக்கவில்லை. "ஏன் தடுக்கவில்லை?" என்று உங்கள் மகள் கேட்கிறாளா? அப்படியானால் அவளுக்கான துறை பொதுச் சுகாதாரம்.

அதற்கு எம்.பி.பி.எஸ். கட்டாயம் இல்லை. உயிரியல், புள்ளியியல், செவிலியர் படிப்பு, சுற்றுச்சூழல் பொறியியல் என்று ஏதாவது இளநிலை முடித்து, அப்புறம் பொதுச் சுகாதார முதுநிலை (எம்.பி.எச்.) சேரலாம். சில நிறுவனங்கள் மருத்துவர்களை மட்டும் எடுக்கும், ஆகவே தகுதி விதியை முன்கூட்டியே பாருங்கள். எலும்பைப் பார்த்து நோய் சொல்லும் வேலையில்தான் ஆசை என்றால் இளநிலையில் மானுடவியல் அல்லது உயிரியல், பிறகு தொல்லியல். புணே டெக்கான் கல்லூரி அதற்குப் பெயர் பெற்ற இடம்.

மருத்துவ வரலாற்றையே நேராகப் படிப்பதை மட்டும் இப்போது நான் ஊக்குவிக்க மாட்டேன். கேலன் எழுதியது கிரேக்கத்தில், பிரான்டினஸ் எழுதியது லத்தீனில். அந்த மொழிகளோடு படிக்க வெளிநாடு போக வேண்டியிருக்கும், பணியிடங்களோ மிகக் குறைவு. இளநிலைக்கே கடன் வாங்கி அனுப்பாதீர்கள். முதுநிலையில் உதவித்தொகை கிடைத்தால் அப்போது பார்க்கலாம். அதுவரை உயிரியலை அவள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புள்ளியியலையும் கூடவே சேர்க்கச் சொல்லுங்கள்.