தாய்மாமன் சொன்ன படிப்பும் மகளின் நோட்டும்

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகளை அழைத்துக்கொண்டு ஒரு தம்பதியர் என்னிடம் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். தந்தையின் கையில் கல்லூரிகளின் தரவரிசைப் பட்டியல் இருந்தது. தாயின் கைப்பேசியில் உறவினர்களின் அறிவுரைகள் வந்தவண்ணம் இருந்தன. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் உயர் பொறுப்பில் இருக்கும் தாய்மாமன், "பெயரிலேயே செயற்கை நுண்ணறிவு என்று இருக்கிற படிப்பில் சேருங்கள், கடன் வாங்கியாவது சேருங்கள்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாராம். மகளுக்கோ சென்சார்களும் இணைய வசதியும் நிறைந்த கட்டடங்களில் ரோபோக்களும் மென்பொருள் முகவர்களும் (ஒரு கருவியின் சார்பில் தானாகவே முடிவெடுத்துச் செயல்படும் நிரல்கள்) எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று ஆராய்வதில் ஆசை. "ஆராய்ச்சி என்று போனால் பிழைக்க முடியுமா?" என்று தந்தை கேட்டார்.

கவலைப்பட வேண்டாம் என்றுதான் நானும் தொடங்கினேன். கடன் தொகையைக் கேட்டதும் அந்த ஆறுதலைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவர்களிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். பட்டத்தின் பெயருக்காக யாரும் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பெயரை மூடிவைத்துவிட்டு மூன்றாம் ஆண்டு வரையிலான பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், கட்டுப்பாட்டுக் கோட்பாடு, இயக்கமுறைமை, கணினி வலையமைப்பு ஆகிய ஐந்தும் அதில் முழுப் பாடங்களாக இருக்கின்றனவா? இல்லையென்றால் அந்தப் படிப்பு உங்கள் மகளுக்கு ஆகாது; இருந்தால், அவற்றில் பெரும்பாலானவை சாதாரண மின்னணுவியல், கணினியியல் அல்லது மெக்கட்ரானிக்ஸ் (இயந்திரவியலும் மின்னணுவியலும் சேர்ந்த படிப்பு) படிப்பிலும் கிடைக்கும். 1966 முதல் 1972 வரை ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான ஷேக்கி என்ற ரோபோவுக்கு வழி கண்டுபிடிப்பதற்காகப் பிறந்த ஏ-ஸ்டார் தேடல்முறை 1968-இல் வெளியானது. அது இன்றும் வகுப்பறைகளில் கற்பிக்கப்படுகிறது. படிப்புகளின் பெயர்கள் அதற்குள் எத்தனையோ முறை மாறிவிட்டன.

மென்பொருள் நிறுவன வேலை, மேலாண்மைப் பட்டம் போன்றவற்றைப் பற்றித் தாய்மாமனே நன்றாகச் சொல்வார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். உறவினர் எவரும் வாயெடுக்காத ஒரு வேலையைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். அதன் பெயர் ஆராய்ச்சிப் பொறியாளர். பேராசிரியர் கருத்தை முன்வைக்கிறார், முனைவர் பட்ட மாணவர் கட்டுரை எழுதுகிறார். அந்தக் கருத்தை உண்மையான கட்டடத்தில், உண்மையான ரோபோவில் ஓடவைப்பவர் இவர். பல்கலைக்கழக ஆய்வகங்களிலும், கிடங்கு ரோபோ, மருத்துவமனை ரோபோ, தானியங்கிக் கட்டடம் ஆகியவற்றில் இயங்கும் நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவுகளிலும் இவர் தேவைப்படுகிறார்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரே ஒரு காட்சி. ஒரு சேவை ரோபோ மூன்றாம் மாடியிலிருந்து ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டும். அது பொத்தானை அழுத்துவதில்லை. லிஃப்ட்டின் சார்பில் பேசும் மென்பொருள் முகவருக்குச் செய்தி அனுப்புகிறது. சற்று நேரத்தில் 'கதவு திறந்திருக்கிறது' என்று பதில் வருகிறது. ஆனால் ரோபோவின் லைடார் (லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் சென்சார்) கதவு மூடியிருப்பதாகக் காட்டுகிறது. யார் சொல்வதை நம்புவது? ஆராய்ச்சிப் பொறியாளர், நடந்தவை நேரவாரியாகப் பதிவாகியிருக்கும் பதிவுக் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்கிறார். நடைவழியில் ரோபோ ஒரு வைஃபை நிலையத்திலிருந்து அடுத்ததற்கு மாறியபோது இணைப்பு துண்டித்து மறுபடி கிடைத்திருக்கிறது. எம்.க்யூ.டி.டி என்ற செய்தி நெறிமுறையில், ஒரு தலைப்பின் கடைசிச் செய்தியை இடைத்தரகர் சேவையகம் சேமித்து வைத்திருந்து, புதிதாக இணைபவருக்கு உடனே கொடுக்கும்படி அமைக்கலாம். அப்படிக் கிடைத்தது பழைய 'திறந்திருக்கிறது'. போதாததற்கு லிஃப்ட்டின் கடிகாரமும் ரோபோவின் கடிகாரமும் ஒத்துப்போகவில்லை. ஆகவே கடிகாரங்களைச் சரிபார்த்து ஒத்திசைக்க வேண்டும், ஒவ்வொரு செய்தியிலும் நேரமுத்திரை வைக்க வேண்டும், பழையதை ஒதுக்க வேண்டும், நகர்வதா வேண்டாமா என்ற கடைசி முடிவை ரோபோவின் சொந்த சென்சாரிடம் விட வேண்டும். இந்த ஒரு கதவுக்கே ஒரு வாரம் போகலாம்.

இதன் பின்னால் உள்ள சிந்தனைகள் பழையவை, உறுதியானவை. கணினி கண்ணுக்குத் தெரியாமல் சூழலோடு கலந்துவிடும் என்று கணினி அறிவியலாளர் மார்க் வைசர் 1991-இல் எழுதினார். ஒரு வேலையை அறிவித்து, முகவர்களிடம் ஏலம் கேட்டு, பொருத்தமானவருக்கு ஒப்படைக்கும் ஒப்பந்த வலை நெறிமுறையை இன்னொரு கணினி அறிவியலாளர் ரீட் ஸ்மித் 1980-இல் முன்வைத்தார். பல ரோபோக்களுக்கு வேலையைப் பங்கிடும் ஏல முறைகள் பலவற்றில் அதன் சாயலை இன்றும் காணலாம். வீட்டுச் சூழலில் உதவும் ரோபோக்களுக்கென்று, சர்வதேச ரோபோ போட்டிகளை நடத்தும் ரோபோகப் அமைப்பு 2006 முதல் தனிப் போட்டிப் பிரிவே நடத்துகிறது. கருவிகளில் முக்கியமானது, ரோபோக்களுக்கான நிரல்களை எழுத உதவும், 2007-இல் தொடங்கிய ராஸ் என்ற திறந்தமூல மென்பொருள் தொகுப்பு. இப்போது அதன் இரண்டாம் தலைமுறையைக் கற்க வேண்டும். அதுவும், ரோபோவைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க உதவும் கெஸிபோ என்ற உருவகப்படுத்தியும் இலவசமாகவே கிடைக்கின்றன. லினக்ஸ் ஓடும் ஒரு நடுத்தர மடிக்கணினி தொடங்குவதற்குப் போதும். விலையுயர்ந்த ரோபோக் கருவிப்பெட்டியை முதல் ஆண்டிலேயே வாங்கித்தரச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள்.

நுழைவதற்கான வழி நேரானது, மெதுவானது. அடிப்படைப் படிப்பில் சேர்ந்து, இரண்டாம் ஆண்டிலேயே ஓர் ஆய்வகத்தின் கதவைத் தட்டி, கம்பி பொருத்துவது, பதிவுக் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது போன்ற சிறு வேலைகளைக் கேட்டு வாங்க வேண்டும். நிரல்மொழிகளில் பைத்தான் முதலில், சி ப்ளஸ் ப்ளஸ் அடுத்து. தான் எழுதிய நிரலைப் பொதுவெளியில் வைத்து, மற்றவர்கள் ஓட்டிப் பார்க்கும்படி விளக்கக் குறிப்பும் எழுதியிருந்தால், ஆய்வகத்தினர் மதிப்பெண் பட்டியலைவிட அதையே கவனமாகப் பார்ப்பார்கள்.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வீட்டை அடகு வைத்து இளநிலைப் பட்டம் வேண்டாம். இந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்வதானால் உதவித்தொகையோ சம்பளமோ தரும் இடத்தில் மட்டும் செய்ய வேண்டும். தராத இடத்தில் கட்டணம் கட்டிச் சேருவதைவிட ஓராண்டு காத்திருந்து மறுபடி விண்ணப்பிப்பது மேல். பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை வெளியிட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடமிருந்து பிள்ளையைத் தூரத்தில் வையுங்கள்.

மகளின் நாட்டத்தைப் பற்றி. பேச்சுக்கு நடுவே அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். வீட்டில் தானாக இயங்கும் மின்விசிறி ஒன்றை அமைத்திருக்கிறாள். அறையில் ஆளில்லாவிட்டால் நிறுத்து என்பது ஒரு விதி. வெப்பம் முப்பது டிகிரியைத் தாண்டினால் ஓட்டு என்பது இன்னொரு விதி. வெயில் நேரத்தில் வெற்று அறையில் மின்விசிறி ஓடுவதும் நிற்பதுமாகத் தவித்திருக்கிறது. நான்கு பக்கங்களுக்கு நேரத்தைக் குறித்துவைத்து, கீழே 'இரண்டில் எது பெரியது என்று யார் சொல்வது?' என்று எழுதியிருந்தாள். பல முகவர் அமைப்புகளில் முரண்பாட்டைத் தீர்ப்பது என்ற பெயரில் ஆய்வாளர்கள் மோதிக்கொண்டிருக்கும் கேள்வி அது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே அங்கே வந்து சேர்ந்திருக்கிறாள். ரோபோ நடப்பதைப் பார்க்க மட்டும் ஆசைப்படும் பிள்ளையாக இருந்திருந்தால் நானே வேண்டாமென்று சொல்லியிருப்பேன், ஏனென்றால் இந்த வேலையில் பெரும்பகுதி நேரம் ரோபோ நின்றுகொண்டுதான் இருக்கும்.

தந்தை அந்த நோட்டை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார். அடுத்த சந்திப்புக்குத் தரவரிசைப் பட்டியலைக் கொண்டுவர வேண்டாம் என்றும், மூன்று கல்லூரிகளின் மூன்றாம் ஆண்டு வரையிலான பாடத்திட்டங்களும், மாணவர்களைத் தொட அனுமதிக்கும் ரோபோ அங்கே ஒன்றாவது இருக்கிறதா என்ற பதிலும், முடிந்தால் தாய்மாமனும் வரட்டும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.