கேளுங்கள், சொல்கிறேன்: பாப்பாபட்டியின் பத்து ஆண்டுகள்

கேள்வி: கல்லூரியில் எங்கள் வட்டார உள்ளாட்சித் தேர்தல் வரலாற்றை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பாப்பாபட்டி ஊராட்சிக்கு 1996 முதல் 2006 வரை தலைவர் பட்டியல் எழுத முடியவில்லை. அந்த ஆண்டுகளை விட்டுவிடலாமா, ஐயா?
(கல்லூரி மாணவி, உசிலம்பட்டி)

பதில்: விட்டுவிடாதே, அம்மா. உன் கட்டுரைக்கு உயிரே அந்தப் பத்து ஆண்டுகள்தான்.

1996இல் மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். தேர்தல் அறிவிப்பு வரும், வேட்புமனு வாங்க அதிகாரி உட்கார்ந்திருப்பார், ஒருவரும் வரமாட்டார்கள். வேறு சில முறை, தேர்தல் நடந்து வென்றவர் பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்தார். தலைவரானால் கோயிலில் முதல் மரியாதை தர வேண்டிவருமே என்றும் அன்று வாதம் பேசினார்கள். இப்படி யாரையும் போட்டியிட விடாமல் தடுப்பதற்கு ஊர்க் கட்டுப்பாடு என்று பெயர். கூலி வேலைக்கும் தண்ணீருக்கும் அதே ஊரை நம்பியிருப்பவர் அதை மீறி மனுத்தாக்கல் செய்வது எளிதா?

அதே மதுரை மாவட்டத்தில் மேலவளவு இருக்கிறதே. 1996 டிசம்பர் 31 அன்று நடந்த தேர்தலில் பட்டியல் சாதியைச் சேர்ந்த முருகேசன் அதன் ஊராட்சித் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, ஆட்சியர் அலுவலகம் சென்றுவிட்டுப் பஸ்ஸில் திரும்பியவரையும் உடனிருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியில் மனுத்தாக்கல் செய்யப் பயந்தவர்களைக் கோழைகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

2006 அக்டோபரில்தான் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். அதற்கு முந்தைய வரிகளில் 'தேர்தல் நடக்கவில்லை' என்று மட்டும் எழுதாதே. 'நடக்கவிடவில்லை' என்று எழுது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் பாப்பாபட்டி கிராம சபையில் கலந்துகொண்டதையும் சேர்த்துக்கொள்.

கேள்வி: ஒரு சிற்றூராட்சித் தலைவருக்கு அப்படி என்ன அதிகாரம்? அதற்கா இத்தனை பகை?
(வாசகர், மேலூர்)

பதில்: தெருவிளக்கு, குடிநீர், சாலை, வரி என்று அன்றாட வாழ்க்கை முழுக்க அவர் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஒதுக்கீட்டில் ஒருவர் தலைவரானதும், துணைத்தலைவர் பதவியைப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போடாமலே இழுத்தடிக்கும் தந்திரம் பல ஊர்களில் உண்டு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான பெண் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியாயிற்றே, பார்த்தீர்களா? பகை பணத்தால் மட்டும் வருவதில்லை. அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் அவர்களை உறுத்துகிறது.

கேள்வி: முதல்முறை ஊராட்சித் தேர்தலில் வாக்களிக்கப் போகிறேன். நான்கு சீட்டு தருவார்களாமே?
(வாசகர், சிவகங்கை)

பதில்: ஆமாம், தம்பி. 2019இல் தந்தது போலவே என்றால், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, சில இடங்களில் நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழுவுக்குப் பச்சை, மாவட்டக் குழுவுக்கு மஞ்சள். முதல் இரண்டிலும் கட்சிச் சின்னம் இருக்காது. ஆசிரியராக இருந்த காலத்தில் தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். "தலைவர் சீட்டு எது, சார்?" என்று கேட்டு அதில் மட்டும் முத்திரை குத்திவிட்டு, மற்றதை வெறுமனே மடித்துப் பெட்டியில் போடுவோரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வார்டு உறுப்பினர் யார் என்று முன்னதாகவே விசாரித்துக்கொண்டு போங்கள். துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பது அந்த உறுப்பினர்கள்தான்.