‘ஏற்கெனவே ஒரு கழகம் இருக்கிறது’ என்று மனு திரும்பி வந்தால்

பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர் கழகம் தொடங்கக் கேட்டு, திரும்பி வந்த மனுவைப் பெயர் மட்டும் மாற்றி மறுபடி அனுப்பாதீர்கள் தம்பி, நோக்கத்தையே மாற்றி எழுதுங்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தோட்டப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் கழகம் என்கிறீர்கள், ஆனால் உங்கள் கழகச் சட்டவிதியின் முதல் வரி ‘தமிழ்மொழி, பண்பாடு வளர்த்தல்’. பல்கலைக்கழகத் தமிழ்க் கழகமும் அதையேதான் எழுதி வைத்திருக்கும். மாணவர் விவகாரப் பிரிவு திருப்பி அனுப்பியதற்குப் பெரும்பாலும் அந்த ஒரு வரிதான் காரணம்.

1. தமிழ்க் கழகத்தின் சட்டவிதியை வாங்கி உங்களுடையதோடு பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் வரிகளைக் கோடு போட்டு அடியுங்கள்.

2. மிச்சம் இருப்பதுதான் உங்கள் கழகம். ஒன்றுமே மிஞ்சவில்லையா, சரி, தமிழ்க் கழகத்திலேயே ஒரு கல்விப் பிரிவாகச் சேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் தொடங்கினோம், தோட்டத்து லயத்து வீட்டு ஐந்தடியில், அதாவது வாசல் நடையில், எட்டுப் பிள்ளைகளோடு. அடுத்த பருவத்தில் தனிக் கழகத்துக்கு மனு போட்டபோது வருகைப் பதிவேட்டையும் சேர்த்து வைத்தோம், அதிகாரி அதைத்தான் முதலில் புரட்டினார்.

ஒரு எச்சரிக்கை: ஒப்புதல் வரும் முன் கழகப் பெயரில் ஒரு வெள்ளிகூட வசூலிக்காதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம், தனியாருக்கு 1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனங்கள் சட்டம், அதனால் வேறு பல்கலைக்கழக நண்பர் சொல்லும் விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம், மாணவர் விவகாரப் பிரிவிலேயே எழுத்தில் கேளுங்கள். அப்புறம், தமிழ்ப்பள்ளி வகுப்பறை வேண்டுமென்றால் தலைமையாசிரியரின் கடிதத்தை இப்போதே வாங்கி மனுவோடு இணைத்துவிடுங்கள்.