பாறையைச் செதுக்குவது எது? பனியாறு, காற்று, நீர் பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பனிக்கட்டி பாறையைவிட மென்மையானதுதானே சார்? அது எப்படிப் பாறையைக் குடையும்?

பதில்: வெறும் பனிக்கட்டியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பனியாற்றின், அதாவது மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளின், அடியில் உருகும் நீர் பாறை விரிசல்களில் இறங்கி மறுபடி உறைகிறது. பனி நகரும்போது துண்டு துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போகிறது. அடியில் பதிந்த அந்தக் கற்கள்தான் உப்புத்தாள் மாதிரி தரையைத் தேய்க்கின்றன. பனி உருகிப் பல ஆயிரம் ஆண்டுகள் கழிந்தாலும் அந்தக் கீறல்கள் அழியாமல் கிடக்கும். பனியாறு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அவற்றை வைத்தே சொல்லிவிடலாம். கனடாவின் லூயிஸ் ஏரிக்கு அந்தப் பச்சை கலந்த நீலம் வருவதும் இப்படி அரைபட்ட பாறை மாவால்தான். ஆனால் பாறையோடு உறைந்து ஒட்டிக்கொண்ட பனியாறு அவ்வளவாக அரிக்காது. வழுக்கினால்தான் வேலை நடக்கும்.

கேள்வி: ஒரு பள்ளத்தாக்கைக் குடைந்தது ஆறா, பனியாறா என்று பார்த்ததும் தெரியுமா?

பதில்: பெரும்பாலும் தெரியும். ஆறு தன் படுகையை மட்டும் கீழ்நோக்கி வெட்டும். பக்கச் சரிவுகள் சரிந்து 'வி' வடிவம் வரும். பனியாறு பள்ளத்தாக்கையே நிரப்பிக்கொண்டு நகர்வதால் அது 'யு' வடிவம்.

கேள்வி: பாலைவனத்தைச் செதுக்குவது காற்றுதானே?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலான பாலைவனங்களில் அதிகம் செதுக்கியது நீர்தான். பிடித்து நிறுத்தச் செடிகொடி இல்லாத தரையில் எப்போதோ கொட்டும் ஒரு மழை போதும். காற்று மணலை ஓரிரு மீட்டருக்கு மேல் தூக்குவது அரிது, அதனால் பாறையின் அடிப்பகுதிதான் அடி வாங்கும். காற்றின் உண்மையான பலம் தூசியில் இருக்கிறது. சகாராவின் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காடு வரை போகிறது. சீனாவின் லோயஸ் பீடபூமியே காற்று கொண்டுவந்து கொட்டிய மண்தான், பல இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் தடிமன். அந்த மண்ணைத்தான் மஞ்சள் ஆறு இப்போது கரைத்துக்கொண்டு போகிறது.

கேள்வி: சாதாரண நாளில் கூழாங்கல்லைக்கூட அசைக்காத ஆறு, வெள்ளத்தில் பாறையை உருட்டுவது எப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், உருட்டக்கூடிய கல்லின் எடை கோட்பாட்டளவில் 64 மடங்காகும். ஆண்டு முழுவதும் நடக்காதது ஓரிரு நாள் வெள்ளத்தில் நடந்துவிடும். உருளும் கற்கள் படுகையை மோதி மோதி வெட்டுகின்றன.

கேள்வி: அப்படியானால் அணை கட்டிவிட்டால் அரிப்பு நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. வண்டல் அணைக்குள் தங்கிவிடும். சுமை இறக்கிவிட்டு வெளியே வரும் தெளிந்த நீர், கீழே கிடக்கும் மணலை அள்ளத் தொடங்கும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. அப்புறம் அணைக்குக் கீழே உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மணற்கரைகள் சுருங்கின. 1996 முதல் அவ்வப்போது அணையிலிருந்து செயற்கை வெள்ளம் விட்டு, படுகையில் கிடக்கும் மணலைக் கரையேற்றப் பார்க்கிறார்கள்.