மூன்று வெற்றி பெற்றவருக்கு ஏன் கோப்பை இல்லை?

அன்புள்ள ஐயா,

2023-24 பனிச்சறுக்கு உலகக் கோப்பையில் ஆண்கள் டவுன்ஹில் (மலைச்சரிவில் முழு வேகத்தில் இறங்கும் பந்தயம்) முடிவுகளைப் பார்த்தேன். நடந்த எட்டுப் பந்தயங்களில் பிரான்சின் சிப்ரியன் சரசான் மூன்றில் வென்றிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் மார்கோ ஓடர்மாட் வென்றது இரண்டுதான். ஆனால் கோப்பை ஓடர்மாட்டுக்கு. கடைசிப் பந்தயமும் ரத்தாகிவிட்டது. அதை மறுநாள் நடத்தியிருக்கலாமே? சரசானுக்கு அநியாயம் நடந்துவிட்டதாகவே தோன்றுகிறது.

எம்.

அன்புள்ள எம்.,

அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கோப்பை பருவம் முழுதும் சேர்த்த புள்ளிகளுக்கு. புள்ளிக்கணக்கைப் பாருங்கள். முதலிடத்துக்கு 100, அடுத்து 80, 60, 50, 45, 40 என்று இறங்கி, 30-ஆம் இடத்துக்கு 1 புள்ளி. சரசான் இத்தாலியின் போர்மியோவிலும், ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் இரண்டு நாளும் வென்றார், சுவிட்சர்லாந்தின் வெங்கனில் ஒரு நாள் இரண்டாமிடம். அதிலேயே 380 வந்துவிட்டது. மீதி நான்கு பந்தயங்களில் அவருக்குக் கிடைத்தது 130 மட்டும். ஓடர்மாட் வெங்கனில் இரண்டு முறை முதலிடம், போர்மியோவிலும் இரண்டாவது கிட்ஸ்பூல் பந்தயத்திலும் இரண்டாமிடம், முதல் கிட்ஸ்பூல் பந்தயத்திலும் இத்தாலியின் வால் கார்டேனாவில் நடந்த முதல் பந்தயத்திலும் மூன்றாமிடம். எட்டில் ஆறு முறை மேடையில் நின்றிருக்கிறார். மொத்தம் ஓடர்மாட்டுக்கு 552, சரசானுக்கு 510. உலக சாம்பியனாக இருந்தும், அந்த வெங்கன் வாரத்துக்கு முன் அவர் உலகக் கோப்பையில் ஒரு டவுன்ஹில்கூட வென்றதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆஸ்திரியாவின் சால்பாக்கில் ரத்தான அந்தக் கடைசிப் பந்தயம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வித்தியாசம் 42. சரசான் வென்றிருந்தால் ஓடர்மாட் மூன்றாவதாக வந்தாலே போதும், 612-க்கு 610. நான்காவது என்றால் கோப்பை கைமாறியிருக்கும். சரசான் இரண்டாவதாக வந்திருந்தால் ஓடர்மாட்டுக்கு ஆறாமிடம் தேவை. சரசான் ஆறாவதாகவோ அதற்குக் கீழேயோ வந்திருந்தால், ஓடர்மாட் விழுந்திருந்தாலும் கோப்பை அவருக்குத்தான். கதவு சரசானுக்குத் திறந்தேதான் இருந்தது, ஆனால் இடுக்கு சின்னது.

மறுநாள் நடத்த வழியில்லை. 2024 மார்ச் 24 ஞாயிறு, பருவத்தின் கடைசி நாள் அது. இறுதிச் சுற்றுப் பந்தயம் ரத்தானால் வேறு இடத்துக்கு மாற்றுவதும் கிடையாது. ரத்துக்குக் காரணம் பனிப்பொழிவும் காற்றும்தான். டவுன்ஹில் பாதையில் தண்ணீர் பாய்ச்சி இறுக்கி வைத்திருப்பார்கள். இரவில் புதுப்பனி விழுந்தால் மேலே மெத்தென்ற அடுக்கு உருவாகும். அதை ஆட்கள் சறுக்கியே தள்ளி வெளியேற்ற வேண்டும். மணிக்கு 130 கிலோமீட்டரில் வருபவரின் பலகை விளிம்பு ஒரு இடத்தில் பனிக்கட்டியைக் கடித்து, அடுத்த இடத்தில் மெத்தையில் புதைந்தால் முழங்கால் திருகிவிடும். குதிக்கும் இடங்களில் எதிர்க்காற்று அடித்தால் பலகையின் முனை மேலே தூக்கும். அதோடு, நேரம் குறித்த ஒரு பயிற்சி ஓட்டமாவது முடியாமல் டவுன்ஹில் நடத்தவே கூடாது.

என்னை உறுத்துவது வேறு. அந்தப் பருவத்தில் செர்மாட், பீவர் கிரீக், சாமோனி என்று வரிசையாக ரத்து. பீவர் கிரீக்கில் ரத்தான ஒன்றை வெங்கனில் வியாழக்கிழமை வைத்தார்கள். வெள்ளி சூப்பர்-ஜி (டவுன்ஹில்லைவிடச் சற்று வேகம் குறைந்த, வளைவு கூடிய பந்தயம்), சனி மறுபடி டவுன்ஹில். வியாழன் பாதை சுருக்கப்பட்டது. சனிக்கிழமை முழுப் பாதை, ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர், இரண்டரை நிமிடம். மற்ற இடங்களில் பெரும்பாலும் சுமார் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். கடைசி அரை நிமிடத்தில் தொடை எரிந்து, உடல் குனிவு தளரும். நார்வேயின் அலெக்சாண்டர் ஆமோட் கில்டே விழுந்தது அந்தச் சனிக்கிழமை, முடிவுக்கோட்டுக்குச் சற்று முன் உள்ள எஸ் வளைவில். வலையில் மோதியதில் தோள்மூட்டு விலகியது, கெண்டைக்காலில் ஆழமான வெட்டு. உடல்நலம் சரியில்லாமல் இருந்து வந்து மூன்றாம் நாள் அதில் இறங்கியிருந்தார். அதோடு அவர் பருவம் முடிந்தது.

ரத்தான பந்தயத்தை ஈடுகட்டுவதானால் இடையில் ஒரு ஓய்வு நாள் விட்டே வைக்க வேண்டும், அதற்கு நாள் இல்லையென்றால் அந்தப் பந்தயத்தை விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. எட்டுக்குப் பதில் ஏழு பந்தயத்திலும் ஒரு கோப்பையைத் தீர்மானிக்க முடியும்.