கோசுமெல்லில் ஒரு பகல்: 451 டாலரா, 245 டாலரா?

கேள்வி: ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் டெக்சாஸின் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏழு இரவு கரீபியன் கப்பல் பயணம் போகிறோம். நான், கணவர், 9 வயது மகள், 6 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் 68 வயது மாமியார் என ஐந்து பேர். ரோவாட்டான், கோஸ்டா மாயா, கடைசியாக மெக்சிகோவின் கோசுமெல் தீவு என்று மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். ஒரு நாளாவது எந்த வேலையும் இல்லாமல் கடற்கரையில் கால் நீட்டி உட்கார வேண்டும் என்பது என் ஆசை. காலை 8 முதல் மாலை 5 வரை நிற்கும் கோசுமெல்லில் அதை வைத்துக்கொள்ளலாமா? கப்பல் நிறுவனமே நடத்தும் கடற்கரைச் சுற்றுலாவுக்குப் பெரியவர்களுக்கு 99 டாலர், சிறுவர்களுக்கு 69. நாமே ஒரு கடற்கரை கிளப்பில் நேரடியாகப் பதிவு செய்தால் சாப்பாடு, மது எல்லாம் அடக்கமாக 72, 45. இன்னொரு கிளப்பில் தலைக்கு 18 டாலர் நுழைவு மட்டும்; சாப்பிடுவதற்குத் தனிக் காசு. டாக்சி போக 30, வர 30. நுழைவுக் கட்டணமே இல்லாத கடற்கரைகளும் உண்டாம். “யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவானா? 6,000 டாலர் கட்டியாகிவிட்டது, நிம்மதியாகக் கப்பலிலேயே பதிவு செய்” என்கிறார் கணவர். அந்த 6,000-இல் 1,800 டாலர் இன்னும் கிரெடிட் கார்டில் 24 சதவீத வட்டியில் நிற்கிறது. கணவர் இரண்டு பீர் குடிப்பார். நானும் மாமியாரும் மது தொடுவதில்லை, மாமியார் சைவம். யார் சொல்வது சரி?
- ஹூஸ்டன் வாசகி

பதில்: பழமொழியில் உங்கள் கணவர் சொல்வது சரிதான். யானை வாங்கிவிட்டு அங்குசம் வாங்காமல் இருப்பது அசட்டுத்தனம். ஆனால் கப்பல்காரர்கள் 435 டாலருக்கு விற்பது அங்குசம் இல்லை. அது இன்னொரு யானைக்குட்டி. 6,000-க்குப் பக்கத்தில் நிறுத்தினால் எந்தத் தொகையும் சின்னதாகத்தான் தெரியும். பயணங்களில் பணம் கரைவது பெரும்பாலும் இப்படித்தான்: பெரிய செலவை மூன்று மாதம் யோசித்துச் செய்கிறோம், அதன் நிழலில் வரும் பத்துச் சின்னச் செலவுகளை மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறோம். போன 6,000 போனதுதான். கோசுமெல் பகலை இன்றைக்குப் புதிதாக வாங்குவது போல எடைபோடுங்கள்.

முதலில், அங்கே என்ன விற்கிறார்கள்? கடலையும் மணலையும் அல்ல. மெக்சிகோவில் கடற்கரைகள் கூட்டாட்சி அரசின் சொத்து. சட்டப்படி எல்லோருக்கும் பொது. ஆகவே கிளப் வாசலில் நீங்கள் கொடுக்கும் காசு நாற்காலி, குடை, கழிப்பறை, உப்பைக் கழுவிக்கொள்ள நல்ல தண்ணீர், பையை வைக்க ஒரு மேசை ஆகியவற்றுக்கு. எல்லாம் அடக்கம் என்ற கட்டணத்தில் இதற்கு மேல் ஏறுவது முக்கியமாக மதுக்கூடத்தின் விலை. அந்தக் கட்டணம் காலை பத்து மணிக்கே கோப்பையைக் கையில் எடுப்பவரை மனத்தில் வைத்துப் போட்டது. எலுமிச்சைச் சோடா குடிக்கும் உங்கள் மாமியார் அதே கட்டணத்தைக் கட்டினால், பக்கத்து மேசைக்காரரின் ஆறாவது கோப்பைக்கு அவர் மொய் எழுதுகிறார் என்று அர்த்தம்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 18-க்கும் 72-க்கும் வித்தியாசம் 54 டாலர். ஒரு பெரியவர் அங்கே 54 டாலருக்குச் சாப்பிட்டுக் குடித்தால்தான் அடக்கக் கட்டணம் கட்டுபடியாகும். 18 டாலர் கிளப்பில் உங்கள் கணவருக்குச் சாப்பாடும் இரண்டு பீரும் 25 டாலர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு 20, மாமியாருக்கு 10, குழந்தைகள் இருவருக்கும் சேர்த்து 24. மொத்தம் 79. பணியாளருக்கு 16 டாலர் டிப்ஸ். நுழைவு ஐந்து பேருக்கு 90, டாக்சி 60. ஆக 245. அடக்கக் கட்டணக் கிளப் என்றால் 306-உடன் டாக்சியும் டிப்ஸும் சேர்ந்து 382. கப்பல் சுற்றுலா 435, டிப்ஸுடன் 451. போக்குவரத்து அதிலேயே அடக்கம். முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 206 டாலர். உங்கள் கணவர் ஆறு பீர் குடிப்பவராக இருந்தால்கூட அடக்கக் கட்டணம் அவர் ஒருவருக்குத்தான் நெருங்கி வரும். பல கிளப்களில் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அதை வாங்க விடமாட்டார்கள், ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொள்வார்கள் என்ற பயத்தில்.

இப்போது கப்பல் சுற்றுலாவின் பக்கம் நின்று பேச வேண்டியதும் இருக்கிறது. அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு காப்பீடு ஒளிந்திருக்கிறது: அவர்கள் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். உங்களுக்குக் கோசுமெல்தான் கடைசித் துறை. தவறவிட்டால் அங்கிருந்து ஐந்து பேருக்கும் கடைசி நிமிட விமான டிக்கெட், ஓர் இரவு விடுதி, சட்டை துணிகள்கூட இல்லாத நிலை. இரண்டாயிரம் டாலருக்குக் குறையாது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இது பெரிய தொகைதான். ஆனால் 20 நிமிட டாக்சித் தூரத்தில் இருக்கும் கடற்கரையிலிருந்து இரண்டே முக்காலுக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு இது நடக்கும் வாய்ப்பு எவ்வளவு? 206 டாலருக்குத் தகுந்த அளவு இல்லை. அதே கோசுமெல்லிலிருந்து ஃபெர்ரி ஏறிப் பெருநிலத்துக்குப் போய் துலும் மாயன் இடிபாடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு கப்பல் சுற்றுலாவை வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். தூரமும் படகும் சேர்ந்தால் காப்பீடு வாங்கலாம். டாக்சிக்கு வேண்டாம், அதற்குச் சீக்கிரம் கிளம்புவதே காப்பீடு.

கோசுமெல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு உங்களுக்கு முழு மதிப்பெண். மூன்று துறைகளில் சும்மா படுத்திருக்கும் நாளுக்கு இதுவே பொருத்தம் என்பதற்குக் காரணம் காற்றும் திசையும். கரீபியனில் வணிகக் காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது. தீவுகளின் கிழக்குக் கரையில் அலை மோதும்; மேற்குக் கரை குளம் போல் கிடக்கும். கோசுமெல்லின் மூன்று கப்பல் துறைகளும் கிளப்களும் மேற்கில்தான் இருக்கின்றன. கிழக்குக் கரை புகைப்படத்துக்கு அழகு. நீரோட்டம் பலமானது, ஆறு வயதுப் பையனை இறக்கும் இடம் அல்ல.

இன்னொன்று சர்காசம். 2011 முதல் அட்லாண்டிக் வழியாக ஏராளமாக மிதந்து வரும் பழுப்புக் கடற்பாசி இது. வெயில் மாதங்களில் கிழக்கு நோக்கிய கரைகளில் குவிந்து, அழுகி, அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். கோஸ்டா மாயா கிழக்கு நோக்கிய கரை. நீங்கள் போவது ஜூன். அங்கே முன்பணம் கட்டிக் கடற்கரைக் கிளப் எதையும் பதிவு செய்யாதீர்கள். கோசுமெல்லின் மேற்குக் கரை பெரும்பாலும் இதிலிருந்து தப்பிவிடுகிறது. ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்குக் கரை சுண்ணாம்புப் பாறை. ஏணி வழியாகக் கடலில் இறங்கி மீன் பார்ப்பவர்களுக்கு அருமை, மணல் வீடு கட்டும் குழந்தைகளுக்கு ஏமாற்றம். நல்ல மணல் தெற்கே சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரையிலிருந்து பலங்கார் வரை. பதிவு செய்யும் முன் கிளப்பின் படத்தில் நீச்சல் குளத்தைப் பார்க்காதீர்கள். கடலுக்குள் இறங்கும் இடம் மணலா, படிக்கட்டா என்று பாருங்கள். உங்கள் மாமியாரின் முழங்கால்களுக்கு அதுதான் முக்கியம்.

நுழைவுக் கட்டணமே இல்லாத கடற்கரை ஏன் வேண்டாம்? தனியாகவோ இளம் தம்பதியாகவோ போனால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஜூன் மாத வெயிலில், 68 வயதுக்காரரோடு, நிழலும் நம்பகமான கழிப்பறையும் இல்லாத இடத்துக்குப் போனால் பதினொன்றரை மணிக்கே “போகலாமா?” என்ற குரல் கேட்கும். ஓய்வுக்கு என்று போய் ஒன்றரை மணி நேரத்தில் திரும்பினால், அந்த 60 டாலர் டாக்சிக் கட்டணம்தான் இருப்பதிலேயே விலை உயர்ந்த செலவு.

டாக்சிக்கு அங்கே மீட்டர் இல்லை. கட்டணம் பகுதிக்கு ஏற்ப நிர்ணயமானது. பொதுவாக வண்டிக்குத்தான், தலைக்கு அல்ல. அந்த வண்டிக் கணக்கு நான்கு பேருக்கு. நீங்கள் ஐந்து பேர் என்பதால் ஏறும் முன்பே மொத்தத் தொகை என்ன, டாலரா பேசோவா என்று கேட்டு முடித்துவிடுங்கள். மெக்சிகோ பேசோவுக்கும் டாலர் குறியையேதான் போடுவார்கள். இதில் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன்: ஓர் இளநீருக்கு 90 என்று டாலர் குறியோடு எழுதியிருந்ததைப் பார்த்து, “கொள்ளை” என்று மனைவியிடம் முணுமுணுத்துவிட்டுத் தாகத்தோடு நடந்தேன். அது பேசோ. பின்னால் வந்தவர் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தார். இதன் மறுபக்கம் சிரிப்புக்கு உரியதல்ல: பேசோ விலையை டாலரில் கேட்டால், மாற்று விகிதத்தைக் கடைக்காரரே நிர்ணயிப்பார். வங்கியில் ஒரு டாலருக்கு 18 பேசோ என்றால் அவர் 16 என்பார். நூற்றுக்குப் பதினொன்று அங்கேயே போயிற்று. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் இல்லாத கார்டு ஒன்று எடுத்துப் போங்கள். இயந்திரம் “டாலரில் வசூலிக்கட்டுமா?” என்று கேட்டால், வேண்டாம், பேசோ என்று அழுத்துங்கள். டாக்சிக்கும் டிப்ஸுக்கும் சின்ன நோட்டுகளாக ரொக்கம்.

சாப்பாட்டில் ஒரு குறிப்பு. மெக்சிகோவில் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிப்பது வழக்கம். மாமியாருக்கு வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். வெண்ணெய்ப்பழத் துவையலும் சோளச் சிப்ஸும் பாதுகாப்பு. கப்பலில் காலைச் சாப்பாட்டுக்கு ஏற்கனவே பணம் கட்டியிருக்கிறீர்கள். ஒன்பது மணி வரை நிதானமாக அங்கே சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். முதல் கூட்டத்தோடு முண்டியடிக்கும் வேலையும் மிச்சம்.

அந்த 1,800 டாலர். மாதம் 36 டாலர் வட்டி அதற்கு. கோசுமெல் சேமிப்பு 206 டாலரை வெறும் “மிச்சம்” என்று மனத்தில் வைத்துக்கொண்டால் அது கப்பலின் புகைப்படக் கடையிலோ நகைக் கடையிலோ கரைந்துவிடும். கப்பலில் எல்லாமே அறை அட்டையைத் தேய்த்து வாங்குவது. கையைவிட்டுப் பணம் போவதே தெரியாது, பானங்களில் சேவைக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கிளம்பும் முன்பே 206 டாலரைக் கார்டு கடனில் கட்டிவிடுங்கள். பயணத்தில் தினமும் இரவு அறைக் கணக்கைப் பாருங்கள். கடைசி நாள் காலையில் பார்ப்பதில் பயன் இல்லை. உங்கள் கணவர் கோபித்துக்கொண்டால் இரண்டு பீரை மூன்றாக்கிக் கொடுங்கள், கணக்கு தாங்கும்.

கடிகாரம் பற்றி ஒரே எச்சரிக்கை, அது கோசுமெல்லைப் பற்றியதுகூட அல்ல. ஜூன் மாதத்தில் டெக்சாஸ் நேரமும் கோசுமெல் நேரமும் ஒன்றுதான். ரோவாட்டான் ஹோண்டுராஸைச் சேர்ந்தது. அங்கே கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை, அதனால் டெக்சாஸுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். கப்பல் தன் நேரத்தை மாற்றாவிட்டால், கரையில் உங்கள் கைபேசி தானாகப் பின்னோக்கிப் போய், கப்பலில் நான்கு மணியாகும்போது உங்களுக்கு மூன்று என்று காட்டும். கப்பல் நேரத்தை அன்று காலை அறிவிப்பில் கேட்டு, முள் கடிகாரம் ஒன்றில் வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

கிளப்புக்கு முன்பணம் கேட்டால், கப்பல் துறைக்கு வராமல் போனால் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். ஜூன் 1 முதல் புயல் காலம். கப்பல் ஒரு துறையைத் தாண்டிப் போய்விடுவது நடக்கக்கூடியது. கப்பல் சுற்றுலா என்றால் பணம் தானாகத் திரும்பி வரும், மற்றவர்களிடம் கேட்டால்தான். வாசலில் கட்டினால் போதும் என்று சொல்லும் கிளப்தான் என் தேர்வு.

கடைசியாக ஒன்று. உங்கள் நீளமான கடிதத்தில் மாமியார் என்ன விரும்புகிறார் என்று ஒரு வரி இல்லை. எல்லோரும் இறங்கிய பிறகு கப்பல் தளம் காலியாக இருக்கும். நிழலில் நாற்காலி, காபி, சாப்பாடு எல்லாம் கட்டிய பணத்துக்குள். “நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் இங்கேயே இருக்கிறேன்” என்று அவர் மனதாரச் சொன்னால் நுழைவு, சாப்பாடு, டிப்ஸ் சேர்த்து 30 டாலர் குறையும். நான்கு பேருக்குச் சாதாரண டாக்சியே போதும். மனதாரச் சொல்கிறாரா, உங்களுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சொல்கிறாரா என்பதை மட்டும் உங்கள் கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.